இரண்டு மணி நேர உச்சரிப்புப் பயிற்சி: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலிப்பைன்ஸ் இதழாளர் மரியா ரெஸ்ஸா மணிலாவில் பிறந்து, பத்து வயதில் நியூ ஜெர்சிக்குப் போனவர். பிறகு சிஎன்என் தொலைக்காட்சியின் மணிலா, ஜகார்த்தா அலுவலகங்களுக்குத் தலைமை வகித்தார். அமெரிக்க உச்சரிப்பு கைவந்ததுதானே காரணம்? நான் இதழியல் மாணவி. தினமும் இரண்டு மணி நேரம் உச்சரிப்புப் பயிற்சி செய்கிறேன். சரியான வழிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு மணி நேரமா? நாளையே நிறுத்துங்கள். உங்கள் உழைப்பைப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது, அது வீணாவதுதான் பொறுக்கவில்லை. பேச்சு தெளிவாக இருந்தால் போதும். ரெஸ்ஸா 1987இலிருந்து மணிலாவில், 1995இலிருந்து ஜகார்த்தாவில். 1998 மே 21, இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பதவி விலகிய நாள் மாதிரியான நாட்களில் நேரலையில் நிற்பவருக்குக் காதுதான் துணை.

அந்தக் காதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இயர்பீஸில் நிகழ்ச்சியின் ஒலி முழுக்க வரும், உங்கள் குரல் மட்டும் கழிந்து வரவேண்டும். இதற்கு மிக்ஸ் மைனஸ் என்று பெயர். ஒலிப்பலகையில் ஒரு பொத்தான் தவறினால் உங்கள் குரலே சற்றுப் பிந்தி உங்கள் காதுக்குத் திரும்பும். கால் நொடி பிந்தினாலே நாக்கு குழறும், சொற்கள் இழுபடும். நாம் பேசுவதை நம் காதே கூடவே சரிபார்த்துக்கொண்டு வருவதால் பழுத்த அனுபவசாலியும் தடுமாறுவார். இயர்பீஸைக் கழற்றி, பேசி முடித்து, மறுபடி மாட்டிக்கொள்வதுதான் வழி.

அடுத்தது தாமதம். நேரலையைக் கடத்தும் செயற்கைக்கோள் இருப்பது சுமார் 35,800 கி.மீ. உயரத்தில். ஒலி ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். ஜகார்த்தாவும் சிஎன்என் தலைமையகம் உள்ள அட்லாண்டாவும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள், ஒரே செயற்கைக்கோளுக்கு இரண்டும் தெரியாது. இரண்டு தாவல் என்றால் அரை நொடி. கேள்வி போய்ப் பதில் வர ஒரு நொடி. அந்த ஒரு நொடி மௌனத்தைப் பொறுக்காமல் ஸ்டூடியோவில் இருப்பவர் "கேட்கிறதா?" என்று நுழைந்தால் தொலைந்தது. இருவர் பேச்சும் மோதும், இருவரும் நிறுத்துவார்கள், மறுபடி இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். கேள்வி ஒன்றே ஒன்றாக, குட்டையாக இருக்கவேண்டும். கேட்டபின் வாயை மூடிக் காத்திருக்கவேண்டும்.

உச்சரிப்புக்குச் செலவிடும் நேரத்தை இதற்குக் கொடுங்கள் அம்மா. ஒரு காதில் வானொலிச் செய்தி ஓடட்டும். நாளிதழில் படித்த ஒரு செய்தியைப் பார்க்காமல் ஒரு நிமிடம் உரக்கச் சொல்லுங்கள். முடித்ததும் வானொலி சொன்னதை எழுதுங்கள். தொடக்கத்தில் தாள் காலியாகவே இருக்கும், விடாதீர்கள். அது பழகியபின், தோழியை உங்கள் காதருகே பத்திலிருந்து கீழே எண்ணச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். பூஜ்யம் வரும்போது வாக்கியம் முடிந்திருக்கவேண்டும். பாதியில் தொங்கினால் மறுபடி பத்திலிருந்து.