மஞ்சள் சிறுநீர், அறுபதாயிரம் யூனிட்: வைட்டமின் மாத்திரை பற்றிக் கேள்வி பதில்

பொது மருத்துவம் பார்க்கத் தொடங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி வந்து, “அப்படியே ஒரு சத்து மாத்திரையும் எழுதிடுங்களேன்” என்று கேட்காத நாள் இல்லை. நீங்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளிலும் பாதி அதுதான். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்காமல் எழுதுகிற பதில் இது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை. சரி, வரிசையாகப் பார்ப்போம்.

நைட் ஷிஃப்ட்: மேடம், வயது 29, ஐடி வேலை. எந்நேரமும் அசதி. ஒரு மாதமாக மல்டிவைட்டமின் போடுகிறேன். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது. உடம்பில் இருக்கும் கழிவெல்லாம் வெளியேறுகிறது என்கிறான் நண்பன்.

பதில்: கழிவு இல்லை தம்பி, உங்கள் காசு. மாத்திரையில் இருக்கும் ரைபோஃப்ளேவின், அதாவது பி2, இயல்பிலேயே மஞ்சள். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

வைட்டமின் எழுதுவதற்கு முன்னால் எனக்குள் நாலு கேள்வி கேட்டுக்கொள்வேன். இவர் சாப்பாட்டில் அந்தச் சத்து இல்லையா? சாப்பிட்டாலும் குடல் அதை உறிஞ்சவில்லையா? உடம்புக்கு இப்போது வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படுகிறதா? வேறு மருந்து ஏதாவது அதைத் தடுக்கிறதா? நாலில் ஒன்றுக்காவது ‘ஆமாம்’ வர வேண்டும். ‘அசதி’ என்பது இந்த நாலில் எதிலும் சேராது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். பகலில் திரை போட்டுத் தூங்குகிறவர் என்பதால் வைட்டமின் டி-யும் பார்க்கலாம். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று மட்டும் எழுதவே இல்லையே?

தயிர்சாதம்: டாக்டர், அப்பாவுக்கு 64 வயது. பதினோரு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். நெஞ்சரிச்சலுக்குத் தினமும் பான்டாபிரசோல். நாங்கள் சைவம், முட்டை கூடக் கிடையாது. ஆறு மாதமாக உள்ளங்கால் எரிகிறது என்கிறார். போன வாரம் காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறார். சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பி12 பார்க்க வேண்டுமா?

பதில்: நாளைக் காலையே பாருங்கள். என் நாலு கேள்வியில் அப்பாவுக்கு மூன்றில் ‘ஆமாம்’ வருகிறது.

பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. கீரையிலும் பருப்பிலும் கிடையாது. உங்கள் வீட்டில் பாலும் தயிரும்தான் ஒரே வழி. அதுவும் ரத்தத்தில் சேர நீண்ட பயணம் போக வேண்டும். இரைப்பை அமிலம் முதலில் அதை உணவுப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பான்டாபிரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிறகு இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய் அங்கே உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் அதைக் குறைக்கிறது. வயதானால் இரைப்பையும் பழைய மாதிரி வேலை செய்யாது. கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு இருப்பதால் குறைவது வெளியே தெரியாது. தெரியும்போது நரம்பு அடிவாங்கியிருக்கும்.

சர்க்கரையால் வரும் எரிச்சலும் பி12 குறைவால் வரும் எரிச்சலும் கேட்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டாவதைச் சரிசெய்ய வழி உண்டு. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றினால் மற்றவர்கள் துள்ளுகிறார்கள், எனக்குக் கல் சுடுவதே இல்லை என்று பெருமையாகச் சொன்ன பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அம்பாள் அருள் என்றார். நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல், நெய் தடவினதுபோல் வழவழவென்று சிவந்திருந்தது. பி12 அடிமட்டத்தில்.

குறைவு உறுதியானால், நரம்பு அறிகுறி இருப்பதால் ஊசியில் தொடங்குவதுதான் வழக்கம். பிறகு 1000 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாறலாம். அவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் புரதத்தின் உதவி இல்லாமலே நூற்றில் ஒரு பங்கு போல உள்ளே போய்விடும். ஆயிரத்தில் பத்து. ஒரு நாள் தேவையோ சுமார் இரண்டுதான்.

இரண்டு எச்சரிக்கை. பி12 அளவு தெரியாமல் வெறும் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பான்டாபிரசோல் இன்னமும் வேண்டுமா என்று மட்டும் எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு எழுதினதைப் பத்து வருடம் விழுங்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

தயிர்சாதம்: ஊசி என்றால் அப்பா பயப்படுவார். ஸ்பைருலினா போதாதா? பழைய சோற்றில் பி12 இருக்கிறது என்றும் வாட்ஸ்அப்பில் வந்ததே?

பதில்: ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12-ஐப் போலவே இருக்கும் போலிச் சரக்கு, மனித உடம்புக்கு உதவாது. பழைய சோறு வெயிலுக்கு இதம், தாராளமாகச் சாப்பிடட்டும். பி12 கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாடித்தோட்டம்: கோயம்புத்தூரில் இருக்கிறேன். வைட்டமின் டி 11 என்று வந்தது. 60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம் எழுதிக்கொடுத்தார்கள். முடித்துவிட்டேன். கடையில் கேட்டால் சீட்டு இல்லாமலே தருகிறார்கள், தொடரலாமா? என் அக்கா மூட்டுவலிக்கு இதையே தினம் ஒன்று போடுகிறாள். அதுசரி, வெயில் கொளுத்துகிற நாட்டில் இது எப்படிக் குறைகிறது?

பதில்: முதலில் அக்கா. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும். அக்கா விழுங்குவது அதைப்போல் நூறு மடங்கு. பி காம்ப்ளெக்ஸ் மாதிரி மிச்சம் சிறுநீரில் போய்விடாது. டி கொழுப்பில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம், கடைசியில் சிறுநீரகம். ‘வாரம் ஒன்று’ என்பதைத் ‘தினம் ஒன்று’ என்று எடுத்துக்கொண்டு ஆறு வாரம் விழுங்கிய அம்மா ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தோம். பத்தரைக்குள் இருக்க வேண்டிய கால்சியம் பதின்மூன்றைத் தாண்டியிருந்தது. வாந்தியை நிறுத்த மகன் வாங்கித் தந்த டானிக்கிலும் கால்சியம் இருந்தது!

உங்கள் விஷயம் எளிது. எட்டு வாரம் முடிந்தபின் மாதம் ஒரு 60,000 அல்லது தினம் 1000 யூனிட் என்று குறைத்துக்கொள்வது வழக்கம். மூன்று மாதம் கழித்து ஒருமுறை அளவு பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் சொல்வார். வெறும் வயிற்றில் போடாமல் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

வெயில் இருக்கிறது, நம் மேல் படுவதில்லை. தோலில் டி உண்டாக்கும் கதிர், நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் நன்றாக வருகிறது. ஆறு மணி இளவெயில் மனசுக்கு நல்லது, டி-க்கு அல்ல. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். நீங்களோ மாடிக்குப் பச்சைவலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறவராக இருப்பீர்கள். சாப்பாட்டிலும் மத்தி போன்ற கொழுப்பு மீன், முட்டை மஞ்சள்கரு தவிர டி அதிகம் இல்லை.

புது மருமகள்: 26 வயது, குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். ஃபோலிக் மாத்திரை இப்போதே போடலாமா? மூன்று மாதம் முடியட்டும், அதுவரை எந்த மாத்திரையும் வயிற்றில் போகக் கூடாது என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் மற்ற மாத்திரைக்குச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. இதற்கு நேர்மாறு. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளில் மூடிவிடும். அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும், மூடாவிட்டால் பிறவிக்குறை. அப்போது நீங்கள் ‘தள்ளிப்போயிருக்கிறதோ’ என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் போட்டு, பன்னிரண்டு வாரம் வரை தொடர வேண்டும். முன்பு ஒரு குழந்தைக்கு இந்தக் குறை இருந்திருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுத்தாலோ அளவு கூடும், கேட்டு எடுங்கள். அப்படிக் குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்த பிரிட்டிஷ் ஆய்வு 1991-இல் வெளியானது. மறுபடி வருவது பத்தில் ஏழு பங்கு குறைந்தது.

நாலாவது மாதத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு-ஃபோலிக் மாத்திரை: 60 மில்லிகிராம் இரும்பு, 180 நாள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். டீ, பாலோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மீன் ஈரல் எண்ணெய், தோல் பளபளப்பு என்ற பேரில் வைட்டமின் ஏ அதிகமுள்ள மாத்திரை எதுவும் வேண்டாம். அது கருவைப் பாதிக்கும். மாமியார் முருங்கைக்கீரை பொரியல் செய்து தந்தால் அதையும் சாப்பிடுங்கள்.

முதல் குழந்தை: இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும். டாக்டர் டி சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். தாய்ப்பாலில்தான் எல்லாம் இருக்கிறதே?

பதில்: கிட்டத்தட்ட எல்லாம். டி மட்டும் மிகக் கொஞ்சம். ஒரு வயது வரை தினம் 400 யூனிட் கொடுங்கள். பாட்டில் மாற்றும்போது மட்டும் கண்ணாடி போட்டுப் படியுங்கள்: ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. ஒன்பதாம் மாதம் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ ஒரு லட்சம் யூனிட் வாயில் ஊற்றுவார்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை இரண்டு லட்சம். அதைத் தவறவிடாதீர்கள், வெளியே தனியாகவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சீப்பு நிறைய முடி: பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் நல்லதா?

பதில்: பயோட்டின் குறைவை நான் பார்ப்பதே அபூர்வம். அதைவிட அது ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதுபோல் காட்டும். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள், முடிக்கு விடை பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

வால்வு மாற்றியவர்: இதய வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் எடுக்கிறேன். மல்டிவைட்டமின்?

பதில்: கேட்காமல் வேண்டாம். பலவற்றில் வைட்டமின் கே இருக்கிறது, உங்கள் மருந்துக்கு எதிர்வேலை செய்யும்.

அண்ணனுக்காக: அண்ணன் தினமும் குடிக்கிறார், சாப்பாடே இல்லை. நாலு நாளாகத் தள்ளாடி நடக்கிறார், குடிக்காதபோதும். கண் ஆடுகிறது. பேச்சு சம்பந்தமில்லாமல் வருகிறது. சத்து டானிக் எது நல்லது?

பதில்: டானிக் இல்லை, இப்போதே ஆம்புலன்ஸ். இது பி1, அதாவது தயமின், தீர்ந்துபோன மூளையாக இருக்கலாம். தயமின் ஊசியாகப் போக வேண்டும், அதுவும் குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்னால். தினமும் குடிப்பவர் என்பதைப் போனவுடன் சொல்லுங்கள், கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள்.

புழுங்கல்: பி1 என்றதும் ஞாபகம் வந்தது. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி சத்து என்று தாத்தா சொல்வார். கதைதானே?

பதில்: கதை இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் கொஞ்சம் நிற்கும். பழைய சென்னை மாகாணத்தில் தீட்டிய பச்சரிசி தின்ற வடகடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவலாக இருந்தது, புழுங்கல் தின்ற தமிழ்ப் பகுதிகளில் அப்படி இல்லை. இதையெல்லாம் ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர் மெக்காரிசனின் ஆய்வுக்கூடம் நம் குன்னூரில்தான் இருந்தது. பின்னால் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

கடைப்பையன்: மருந்துக்கடையில் வேலை. வாய்ப்புண் என்றாலே பி காம்ப்ளெக்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒரு வாரத்துக்குக் கொடுங்கள். மூன்று வாரமாக ஆறாத புண், அதுவும் புகையிலை போடுகிறவர் என்றால் மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். அது புற்றுநோயா என்று பார்க்க வேண்டிய புண்.

தயிர்சாதம்: டாக்டர், அப்பாவுக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. பி12 112, குறைவுதானாம். ஊசி தொடங்கிவிட்டார்கள், முதல் ஊசிக்குக் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். உணர்ச்சி திரும்பிவிடுமா?

பதில்: எரிச்சல் சில வாரத்தில் குறையத் தொடங்கலாம். மரத்துப்போனது மெதுவாகத்தான் திரும்பும், மாதக்கணக்காகும், முழுசாகத் திரும்பாமலும் போகலாம். அதுவரை பின்பக்கம் பட்டை வைத்த செருப்பாக வாங்கிக் கொடுங்கள். தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாதபோது கண்தான் அந்த வேலையைச் செய்யும், அதனால் ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.