ஜெர்மனியில் மகளுக்குப் பிரசவம்: தபாலில் எது போகும், எது போகாது?

கேள்வி: என் மகள் மியூனிக்கில் இருக்கிறாள். அடுத்த மாதம் பிரசவம். என்னால் உடனே கிளம்ப முடியவில்லை. வீட்டு நெய், பால்கோவா, பிரசவ லேகியம், பருப்புப்பொடி, கறிவேப்பிலை, குழந்தைக்குப் பருத்தித் துணி, வெள்ளிக் கொலுசு இவற்றையெல்லாம் தபாலில் அனுப்பலாமா? 'கிஃப்ட்' என்று எழுதிவிட்டால் வரி கிடையாது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் நெய்யையும் பால்கோவாவையும் எடுத்து வைத்துவிடுங்கள், அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வீட்டு மனிதர்கள் அனுப்பும் பார்சலில் இறைச்சியும் பால் பொருளும் வரக்கூடாது. கால்நடை நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று போட்ட சட்டம் அது. வீட்டில் காய்ச்சியது, கடையில் சீல் வைத்து வாங்கியது என்ற பேதமெல்லாம் அதில் இல்லை. பிடிபட்டால் நெய் மட்டும் போகாது, அதே பெட்டியில் இருக்கும் குழந்தைத் துணியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். எனக்கு அதுதான் கவலை. இனிப்பு வேண்டுமென்றால் எள்ளுருண்டை, கடலைமிட்டாய் வையுங்கள்.

கறிவேப்பிலை பச்சையாகப் போகாது. 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், கனி, இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்குத்தான் விலக்கு. நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, பருப்புப்பொடியோடு அனுப்புங்கள்.

அடுத்து லேகியம். நீங்கள் இதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஜெர்மனியின் மருந்துச் சட்டப்படி, ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனி மனிதர்களுக்குத் தபாலில் மருந்து வரக்கூடாது. லேகியம் உணவா மருந்தா என்று அங்குள்ள சுங்க அதிகாரிதான் முடிவு செய்வார். டப்பாவில் 'காலை மாலை ஒரு ஸ்பூன்' என்று இருந்தால் மருந்து என்றுதான் நினைப்பார். போதாததற்கு அதில் நெய் வேறு இருக்கிறது. அதனால் லேகியமாக அனுப்பாதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, சமையல் மசாலாவாகவே அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் கருப்பட்டி. நெய்க்குக் கவலை வேண்டாம், அங்கே எந்தக் கடையிலும் உப்பில்லாத வெண்ணெய் கிடைக்கும், உருக்கினால் நெய். நீங்கள் வீடியோ காலில் பதம் சொல்ல, மாப்பிள்ளை அடுப்படியில் நின்று கிளறட்டும். பிள்ளை பெற்ற உடம்பு என்பதால், சாப்பிடும் முன் அங்குள்ள மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொலுசு தபாலில் வேண்டாம். நேரில் போகிறவர் கையில் கொடுங்கள், இல்லையென்றால் நீங்கள் போகும்போது போட்டு அழகு பாருங்கள்.

சரி, வரிக்கு வருவோம். 'கிஃப்ட்' என்று எழுதுவதாலேயே வரி போய்விடாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, காசு வாங்காமல், எப்போதாவது அனுப்புவதாக இருக்க வேண்டும். மதிப்பும் 45 யூரோவுக்குள் இருக்க வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 4,500 ரூபாய். அதைத் தாண்டி 700 யூரோ வரை, பரிசுப் பொருளுக்குப் பொதுவாக 17.5 விழுக்காடு என்று மொத்தமாக வரி போடுவார்கள். ஃபில்டர் காபித் தூள் வைப்பதானால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜெர்மனியில் காபிக்குத் தனி வரி உண்டு, பரிசாகப் போனால் 500 கிராம் வரைதான் விலக்கு.

பார்சலோடு போகும் சுங்கப் படிவத்துக்கு சி.என். 23 என்று பெயர். ஒரு பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேருவதற்கு நல்ல அட்டைப்பெட்டியைவிட இந்தத் தாள்தான் முக்கியம் என்பேன். அதில் பரிசு என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, பொருள் விவரத்திலும் 'கிஃப்ட்' என்றோ 'ஃபுட் ஐட்டம்ஸ்' என்றோ எழுதினால் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். 'பருத்திக் குழந்தைச் சட்டை, 6, 400 கிராம், 1,200 ரூபாய்' என்கிற மாதிரி ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரிசையாக, ஆங்கிலத்தில் எழுதுங்கள். வீட்டில் அரைத்த பொடிக்கு விலை ஏது என்று பூஜ்யம் போடாதீர்கள், சாமான் வாங்கிய செலவைப் போடுங்கள். இந்த விவரம் கணினி வழியாகப் பார்சலுக்கு முன்பே அங்கே போய்விடுகிறது. 2021 மார்ச் 15 முதல், விமானத்தில் ஏற்றும் முன்பே அது தங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஐரோப்பிய சுங்கம் கேட்கிறது. பெட்டியில் ஒன்று, தாளில் ஒன்று என்று இருக்கவே கூடாது.

பெட்டியை வீட்டிலேயே ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். கவுன்டரில் உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்வார்கள். டேப்பையும் ஆதார் நகலையும் கையில் வைத்திருங்கள். பில்களைப் போட்டோ எடுத்து மகளுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஜெர்மன் சுங்க அலுவலகம் அவளுக்குக் கடிதம் போட்டு வரச் சொல்லும், அப்போது அந்த பில்தான் பேசும். பிரசவ நேரம் என்பதால் மாப்பிள்ளை கையில் அதிகாரக் கடிதம் ஒன்று இருப்பது நல்லது.

அப்புறம் முகவரி. அங்கே அடுக்குமாடிகளில் நம் ஊர் மாதிரி வீட்டு எண் பார்த்துக் கொடுப்பதில்லை. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை பெயர் மட்டும் ஒட்டியிருந்து, நீங்கள் மகள் பெயருக்கு அனுப்பினால் பார்சல் வாசல் வரை வந்து திரும்பிவிடும். இன்றைக்கே போன் போட்டு, மணியில் என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டு, அதே எழுத்தில் எழுதுங்கள்.