வாசகர் கேள்வி: தரையில் இரண்டு நிழல்கள்

கேள்வி: கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் தனியாகப் பறக்கத் தொடங்கியிருக்கிறேன். இறங்குவதற்காக ஓடுதளத்தைச் சுற்றிவரும் பாதையான சர்க்யூட்டில் ஒரே நேரத்தில் நான்கைந்து விமானங்கள் சுற்றுகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் ரேடியோவில் என் இருப்பிடத்தைச் சொல்கிறேன். மற்ற விமானங்களைத் திரையும் காட்டுகிறது. ஆனாலும் வெளியே பார்ப்பதில்லை என்று என் பயிற்றுநர் ஓயாமல் கடிந்துகொள்கிறார். இது போதாதா?
— ஒரு பயிற்சி விமானி

பதில்: பல ஆண்டுகள் அப்படிக் கடிந்துகொண்டே காலம் தள்ளியவன் நான். ஆகவே நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு நாள் காலை, இறக்கை மேலே அமைந்த சிறு விமானத்தில் மாணவர் ஒருவருடன் ஃபைனலில், அதாவது ஓடுதளத்தை நேராக நோக்கிய கடைசிக் கட்டத்தில், இறங்கிக்கொண்டிருந்தேன். உயரம் 300 அடி இருக்கும். வெயில் வலப்பக்கம், எங்கள் நிழல் இடப்பக்கப் புல்வெளியில் கூடவே ஓடிவந்தது. அதற்குச் சற்று அப்பால் இன்னொரு நிழல். அதே திசை, ஏறக்குறைய அதே வேகம். இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அண்ணாந்து பார்த்தால் எங்கள் இறக்கைதான் தெரிகிறது. மாணவரின் கை த்ராட்டிலுக்குப் போயிற்று. சந்தேகம் வந்தால் விசையைக் கூட்டி மேலேறு என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான்! ஏறியிருந்தால் மேலே இருந்தவரின் வயிற்றில் முட்டியிருப்போம். கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு, ஏறாமல் வலப்பக்கம் விலகினேன். இறக்கை கீழே அமைந்த விமானம் ஒன்று எங்களைக் கடந்து போய், எதுவும் நடக்காததுபோல் தரைதொட்டது. அவருக்குக் கீழே நாங்கள். எங்களை மறைத்தது அவருடைய இறக்கை.

சண்டை போடத்தான் போனேன். அவரோ ஒரு திருப்பத்தைக்கூட விடாமல் அறிவித்திருக்கிறார், புறப்பட்டு வந்த விமான நிலையத்தின் அலைவரிசையில். அது தெரிந்ததும் அவர் முகம் வெளிறியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ரேடியோ, பேசுகிறவரை மட்டுமே காட்டிக்கொடுக்கும். திரையோ, அதற்குரிய கருவி பொருத்திய விமானத்தை மட்டும் காட்டும். மிச்சத்தைக் கண்தான் பார்த்தாக வேண்டும். அந்தக் கண்ணிலும் ஒரு கோளாறு உண்டு: அசைவதைத்தான் அது சட்டென்று பிடிக்கும். நேராக மோத வருகிற விமானமோ கண்ணாடியில் அசையாது. செத்து ஒட்டிக்கொண்ட பூச்சிபோல ஒரே இடத்தில் நின்று, கடைசி நொடிகளில் திடீரென்று பெரிதாகும். ஆகவே பார்வையை வீசி இழுக்காதீர்கள். பத்துப் பாகை அளவுள்ள துண்டில் ஒரு நொடியாவது நிறுத்திவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். சன்னல் சட்டத்துக்குப் பின்னால் ஒரு விமானமே ஒளிந்திருக்கலாம். தலையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள்.

கண்டுவிட்டாலும் உடனே விலகிவிட முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கில், கண்ணில் பட்டது முதல் விமானம் திரும்புவது வரை 12.5 நொடி. கை அசைய 0.4 நொடிதான், மோதப்போகிறோம் என்று உணர 5 நொடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி.

சர்க்யூட்டுக்குள் நுழையும் முன்பே அதற்குரிய உயரத்துக்கு வந்துவிடுங்கள். உள்ளே வந்து இறங்கினால் யார் தலைமேல் இறங்குவீர்களோ! ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பாதையான பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது எல்லாருக்கும் கண் ஓடுதளத்தின் மீதுதான். முதலில் எதிர்ப்பக்கம் பாருங்கள், யாராவது தொலைவிலிருந்து நேராக வருகிறாரா என்று. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், கோபுரம் இல்லாத நிலையத்தில், இறங்கிக்கொண்டிருந்த செஸ்னா 152 மீது, நேர்வழியில் மிதமிஞ்சிய வேகத்தில் வந்த இரட்டை இஞ்சின் செஸ்னா 340 மோதியது. மூவர் இறந்தனர். இருவருமே ரேடியோவில் பேசியிருந்தார்கள்.

உங்கள் பயிற்றுநருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: கோபுரம் இருந்துவிட்டால் இந்தக் கவலை இல்லைதானே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: குறையும், தீராது. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் இறங்க வந்த போயிங் 727 விமானிகளுக்கு, முன்னால் ஒரு செஸ்னா பறப்பதாகக் கட்டுப்பாட்டாளர் சொன்னார். அவர்களும் பார்த்தார்கள். பிறகு அது பார்வையிலிருந்து நழுவியது. கடந்து போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். தொலைத்துவிட்டோம் என்று கட்டுப்பாட்டாளரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. செஸ்னா அவர்களுக்கு நேர் முன்னால், கீழே இருந்தது. இறந்தவர்கள் 144 பேர்.