பேரணியில் ஆட்டமும் பாட்டும் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறியிருக்கிறேன். ஜூன் கடைசி ஞாயிறன்று மார்க்கெட் தெருவில் நடந்த, ‘பிரைடு’ எனப்படும் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், மாறிய பாலினத்தோர் முதலியோர்) பேரணியைப் பார்த்தேன். அவர்களுடைய உரிமைகளை முழுமையாக ஏற்பவன் நான். ஆனால் திருமண உரிமை வரை கிடைத்துவிட்ட ஊரில் இத்தனை ஆட்டமும் பாட்டும் எதற்கு என்று விளங்கவில்லை. பெருநிறுவனங்களின் அலங்கார வண்டிகளைக் கண்டபோது, போராட்டம் வெறும் கேளிக்கையாகிவிட்டதே என்ற வருத்தமும் ஏற்பட்டது. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் போராட்டம், உரிமை கிடைத்த பிறகு கொண்டாட்டம் என்று ஒரு வரிசையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த நகரத்தில் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மனிதர்களால் நடத்தப்பட்டவை.

1978-ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் தேர்தலில் வென்ற ஹார்வி மில்க், அவ்வாண்டு ஜனவரியில் நகர ஆட்சிக் குழு உறுப்பினராகப் பதவியேற்றார். தன்பாலீர்ப்பாளர்களைப் பொதுப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிலிருந்து நீக்க வழிசெய்யும் ஒரு சட்ட முன்மொழிவு கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்புக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். பிழைப்பே போய்விடுமோ என்ற அச்சம் சூழ்ந்திருந்த அந்த நாட்களில், கில்பர்ட் பேக்கர், லின் செகர்ப்ளோம் முதலியோரும் தன்னார்வலர்களும் குரோவ் தெருவிலிருந்த சமூக மையத்தில் கூடி, தொட்டிகளில் சாயம் கரைத்து, பருத்தித் துணியை முக்கியெடுத்து, உலர்த்தித் தைத்து, இன்று அச்சமூகத்தின் அடையாளமாக விளங்கும் வானவில் கொடியின் முதல் வடிவங்களை, எட்டு நிறங்களில் உருவாக்கினார்கள். ஜூன் 25 அன்று அவை ஏற்றப்பட்டன.

நவம்பர் 7 அன்று அந்த முன்மொழிவு தோற்றது. 27 அன்று மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகர மன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு, தன்பாலீர்ப்பாளர்கள் திரளாக வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதியிலிருந்து பல்லாயிரம் பேர் மெழுகுவர்த்தி ஏந்தி அங்கே நடந்து வந்தபோது, சில வாரங்களுக்கு முன்புதான் ஒத்திகையைத் தொடங்கியிருந்த தன்பாலீர்ப்பு ஆண்களின் பாடகர் குழு அக்கட்டடத்தின் படிகளில் நின்று பாடியது. பொதுமக்கள் முன் அவர்கள் பாடிய முதல் பாட்டே அஞ்சலிப் பாட்டாக அமைந்தது. பின்னாளில் எய்ட்ஸுக்கு 300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களை இழந்த பிறகும் அந்தக் குழு கலைந்துவிடவில்லை, இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பாடுவதைக் கேளிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1985-இல் மில்க்கின் நினைவு ஊர்வலத்தில், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதிவருமாறு செயற்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். அந்த அட்டைகளை அரசுக் கட்டடமொன்றின் சுவரில் ஒட்டியபோது, அது ஒட்டுத்துணிப் போர்வைபோல் தெரிந்தது. அங்கிருந்துதான் எய்ட்ஸ் நினைவுப் போர்வை என்ற எண்ணம் பிறந்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துணி; அது மூன்றடிக்கு ஆறடி, ஏறத்தாழ ஒரு சவக்குழியின் அளவு. இறந்தவரின் சட்டையையோ படத்தையோ சேர்த்து, காதலர்களும் தாய்மார்களும் நண்பர்களும் அருகருகே அமர்ந்து தைத்தார்கள். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் அத்தகைய 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. உடலைப் பெற்றுக்கொள்ளச் சில குடும்பங்கள் முன்வராத, இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்கள் சில மறுத்த காலம் அது. துக்கம் காக்கவும்கூட அந்த மக்களுக்குச் சேர்ந்து செய்யும் கலை ஒன்று தேவைப்பட்டது.

திருமண உரிமை கிடைத்துவிட்டதே என்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் 2008 ஜூனில் தொடங்கிய தன்பாலினத் திருமணங்களை நவம்பர் வாக்கெடுப்பு நிறுத்தியது. 2013-இல்தான் மீண்டும் நடந்தன. இவ்வளவு அண்மையில் பறிபோய் மீண்ட ஒன்றைக் காக்க விரும்புகிறவர்கள் ஆண்டுதோறும் தெருவில் தங்களைக் காட்டிக்கொள்வது இயல்பானதே. அறிமுகமான ஒரு முகத்தை வெறுப்பது கடினம் என்பதால்தான் மில்க்கும் தம் மக்களைக் குடும்பத்தார் முன், அண்டை அயலார் முன் வெளிப்படுமாறு ஓயாமல் வற்புறுத்தினார். வீட்டில் வாய் திறக்க முடியாத ஓர் இளைஞருக்கோ, தம்மைப் போன்றவர்கள் மகிழ்ச்சியாகவும் வாழ்கிறார்கள் என்பதைக் காட்ட உரைகளால் ஆகாது, ஆட்டமும் பாட்டும் வேண்டும்.

நிறுவன வண்டிகளைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. அச்சமூகத்திலேயே பலர் அதை வெளிப்படையாக எதிர்க்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். 1966-இல் அதே நகரத்தின் டெண்டர்லாயின் பகுதியில், காம்ப்டன் உணவகத்தில் காவலர்களை எதிர்த்து நின்றவர்கள் திருநங்கைகள்; இவ்வியக்கத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் கிளர்ச்சி அதற்கு மூன்று ஆண்டுகள் பிந்தியது. அந்த மரபில் வந்த மாறிய பாலினத்தோர் பேரணி 2004 முதல் பிரைடு வார வெள்ளிக்கிழமையன்று நடக்கிறது. அடுத்த ஜூனில் டோலோரஸ் பூங்காவுக்குச் சென்று அதைப் பாருங்கள். 1977-இல் சூப்பர் 8 என்ற சிறு படச்சுருளில் எடுத்த குறும்படங்களுடன் தொடங்கிய பால்புதுமையர் திரைப்பட விழாவும் அதே மாதத்தில்தான் வருகிறது. இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.