ஓவியம், ஒயின் ஏலத்தில் 3 லட்சம் ரேண்டைப் போடலாமா?

கேள்வி: நான் ஜோகன்னஸ்பர்க்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஐந்து வருடத்தில் கோவைக்குத் திரும்பிவிடுவேன். கையில் 3 லட்சம் ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) சேமிப்பு இருக்கிறது. இங்கே ஸ்ட்ராஸ் ஏல நிறுவனம் ஓவியத்தோடு ஒயினையும் ஏலம் விடுகிறது. ஆண்டுக் கடைசியில் வரும் விற்பனைக் கணக்கைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. முழுப் பணத்தையும் இதில் போடலாமா, ஐயா?

பதில்: வேண்டாம். ஆண்டுக் கணக்கில் பளிச்சென்று தெரிவதெல்லாம் விற்றுப்போன சரக்கு. கேட்பாரின்றி உரிமையாளரிடமே திரும்பிப் போன ஓவியங்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை. தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்னின் ஓர் ஓவியம் 2011-ல் லண்டன் பான்ஹம்ஸ் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது உண்மைதான். அந்த வரிசை ஓவியம் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்காது.

கிடைக்கக்கூடியதை வைத்துக் கணக்குப் போடுவோம். 1 லட்சம் ரேண்டுக்கு ஒரு படம் உங்கள் பெயரில் படிகிறது. வாங்குபவர் கட்டணம் 15% என்று வையுங்கள் (நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஏல விதிகளைப் படியுங்கள்). அந்தக் கட்டணத்தின் மேல் 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி). ஆக 1,17,250 ரேண்ட் கட்டுகிறீர்கள். விற்கும்போது 10% கமிஷன், அதற்கும் வாட். போட்ட பணம் திரும்பவே படம் சுமார் 1,32,500-க்குப் போக வேண்டும். ஐந்து வருடம் கழித்து விற்றால், ஆண்டுக்கு 5.8% விலை ஏறினால்தான் கையைக் கடிக்காது. காப்பீடு, படத்துக்கு ஃப்ரேம் போடும் செலவெல்லாம் இதில் சேரவில்லை.

'இளம் ஓவியர் ஒருவரைப் பிடித்தால் பத்து மடங்கு' என்று நண்பர்கள் சொல்வார்கள். கானாவின் அமோவாகோ போவாஃபோவின் படம் ஒன்றுக்கு 2020 பிப்ரவரியில் லண்டன் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் போட்ட மதிப்பு 30,000 முதல் 50,000 பவுண்ட். போனதோ 6,75,000. அதைப் பார்த்து இளம் ஆப்பிரிக்க ஓவியர்கள் பக்கம் பணம் பாய்ந்தது. சில வருடங்களில் அந்த வேகம் அடங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்று விற்கப் போனால் பாதி விலைக்கு ஆள் கிடைத்தாலே பெரிது.

ஒயின் இன்னும் நுணுக்கமானது. கேனன்காப் பால் சாவர், க்ளைன் கான்ஸ்டான்ஷியாவின் வின் டி கான்ஸ்டான்ஸ் போன்ற தென்னாப்பிரிக்க ஒயின்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் புட்டி இத்தனை வருடம் எங்கே கிடந்தது என்பதுதான் முதல் கேள்வி. பழைய புட்டி என்றால் கழுத்துப் பகுதியைப் பாருங்கள்: ஒயின் தோள்வரை இறங்கியிருந்தால் கார்க் வழியாகக் காற்று புகுந்திருக்கும், விலை விழும். வெயில் படும் அபார்ட்மென்ட் அலமாரியில் அடுக்கி வைத்த ஒயினை அப்புறம் யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். வெப்பம் கட்டுப்படுத்திய கிடங்குக்கு மாத வாடகை தனி.

ஊருக்குத் திரும்பும்போது என்ன செய்வீர்கள்? இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் கொண்டுவர அனுமதி 2 லிட்டர் மதுதான், மூன்று புட்டிகூட முழுதாகத் தேறாது. பழைய ஓவியமென்றால் தென்னாப்பிரிக்காவின் 1999-ம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டப்படி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி தேவைப்படலாம். வாங்குவதற்கு முன்பே ஏல நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

ஆசை விடவில்லையென்றால் 30,000 ரேண்டோடு நிறுத்துங்கள். விலை ஏறாவிட்டாலும் கோவை வீட்டுச் சுவரில் மாட்டப் பிடிக்கும் ஒரு படமாகப் பாருங்கள். ஏல அறையில் கை தூக்குமுன், கட்டணம், வாட் எல்லாம் சேர்த்து உங்கள் உச்ச வரம்பைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதி 2,70,000-க்கு தென்னாப்பிரிக்க அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரம், வரியில்லாச் சேமிப்புக் கணக்கு இரண்டும் விசாவில் இருக்கும் உங்களுக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். விசா எப்போது முடிகிறது என்று எழுதினால் எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறேன்.