ஓ-யு-ஜி-எச் வரும் ஆங்கிலச் சொற்கள் ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கின்றன? எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

மாலை நேரத்தில் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருடமே கிடையாது. போன மாதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். ‘ரஃப்’ என்று சரியாகப் படித்தாள். இரண்டு வரி தள்ளி ‘ஆனாலும்’ என்று பொருள் தரும் ‘தோ’ வந்தது. அதையும் அதே கணக்கில் ‘தஃப்’ என்றாள். திருத்தினேன். “ஏன் மிஸ், ரெண்டுலயும் அதே நாலு எழுத்துதானே?” என்று இரண்டு சொல்லிலும் விரலை வைத்துக் காட்டினாள்.

நான் படித்த காலத்தில் இதற்குக் கிடைத்த பதில், “இங்கிலீஷ் அப்படித்தான், மனப்பாடம் பண்ணு.” அந்தப் பதில் பிள்ளைகளை ஆங்கிலத்தைக் கண்டு பயப்பட வைக்கிறது. காரணம் இருக்கிறது, அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்ல முடியும்.

அந்த ஜி-எச் ஒரு காலத்தில் வாயில் ஒலித்த ஒலி. ‘முகம்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் க-வைக் கொஞ்சம் தொண்டையிலிருந்து காற்றோடு சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான். மகளைக் குறிக்கும் ‘டாட்டர்’ பழைய ஆங்கிலத்தில் ‘டோஃக்டோர்’. ஜெர்மன்காரர்கள் இன்றும் மகளை ‘டோஃக்டர்’ என்றும் இரவை ‘நாஃக்ட்’ என்றும்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘நைட்’ என்ற சொல்லில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஜி-எச், இந்த ஃக் இருந்த இடம்.

பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலியை எச் என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு எழுத்துமுறை பழகியவர்கள் கையில் அது மெல்ல மெல்ல ஜி-எச் ஆனது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைப் போட்டார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகத் தொடங்கியது. பேச்சோ நிற்கவில்லை. தொண்டை ஒலி தேய்ந்து போனது, உயிரொலிகளும் இடம் மாறின. இன்று நாம் படிப்பது ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய வாய்க்கு எழுதிய எழுத்து.

சரி, சில இடங்களில் மட்டும் ‘ஃப்’ எங்கிருந்து வந்தது? உதட்டைக் குவித்துக்கொண்டு அதே தொண்டை ஒலியைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் காதில் ‘ஃப்’ மாதிரி விழும். அப்படிக் கேட்டவர்கள் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். இது சொல்லின் கடைசியில்தான் நடந்தது. அதிலும் எல்லாச் சொல்லிலும் இல்லை.

நினைவில் வைக்க நான் சொல்லும் வழி: முதலில் இந்த ‘ஃப்’ கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றாடம் வருபவை ஐந்துதான். ரஃப், டஃப், போதும் என்ற இனஃப், இருமல் என்ற காஃப், மாட்டுத் தொட்டி என்ற ட்ராஃப். இதே நாலெழுத்தில் முடியும் மற்றதில் ஜி-எச்சுக்கு ஒலியே இல்லை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. பிறகு உயிரொலியை மட்டும் கவனித்தால் போதும்: ரொட்டி மாவு ‘டோ’, ஊடாக என்பது ‘த்ரூ’, ஏர் ‘ப்ளவ்’. ஏரை அமெரிக்காவில் ஜி-எச்சையே தூக்கிவிட்டு எழுதுகிறார்கள். ‘த்ரூ’வையும் அப்படிச் சுருக்கிப் பார்த்தார்கள். சிகாகோ டிரிபியூன் நாளிதழ் 1934 முதல் 1975 வரை சில சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிட்டது. அது ஊர் முழுக்கப் பரவவில்லை. வண்டியிலிருந்து இறங்காமலே வாங்கிப் போகும் கடைகளின் ‘டிரைவ் த்ரூ’ பலகை போன்ற சில இடங்களில் தங்கிவிட்டது.

அடுத்தது பரீட்சைக்கு மிகவும் உதவும். இந்த நாலெழுத்துக்குப் பின்னால் டி வந்தால் ‘ஆட்’தான். வாங்கினான் ‘பாட்’, கொண்டுவந்தான் ‘ப்ராட்’, நினைத்தான் ‘தாட்’, சண்டையிட்டான் ‘ஃபாட்’, தேடினான் ‘ஸாட்’. எல்லாமே இறந்தகால வினை, சேர்த்தே படித்துவிடலாம். அடிக்கடி கண்ணில் படும் விலக்கு, வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரவ்ட்’ ஒன்றுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘தரோ’. முழுமையாக, ஒன்றுவிடாமல் என்று பொருள். எழுத்தில் ‘த்ரூ’வோடு ஓர் ஓ மட்டும் கூடுதல். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல். ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கம் வரை போவது ‘த்ரூ’, அப்படி முழுசாகப் போய்ப் பார்ப்பது ‘தரோ’. இதைச் சொன்ன பிறகு இந்த இரண்டையும் மாற்றி எழுதிய பிள்ளை என்னிடம் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் இந்த வரிசையிலிருந்து கழற்றிவிடுங்கள். விக்கலை ‘ஹிக்கப்’ என்கிறோம். அதைச் சிலர் இந்த நாலெழுத்தில் முடித்து எழுதுவார்கள். இருமலோடு சம்பந்தம் இருக்கும் என்று நினைத்துப் பிற்காலத்தில் ஒட்டவைத்த எழுத்து அது. யு-பி போட்டே எழுதுங்கள்.

அந்தப் பெண் மறுநாள் நோட்டில் ‘டாட்டர்’, சிரிப்பு என்ற ‘லாஃப்டர்’ இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். இங்கே ஓ-வுக்குப் பதில் ஏ. முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. “இதுக்கு என்ன சொல்வீங்க மிஸ்?” இரண்டாவது சொல்லுக்குள் ‘லாஃப்’ என்ற முழுச்சொல் இருக்கிறது. அங்கே ஜி-எச் கடைசி எழுத்து, ‘ஃப்’ ஆகிவிட்டது. பின்னால் சேர்ந்த டர் அதை மாற்றவில்லை. மகள் என்ற ‘டாட்டர்’ சொல்லுக்குள் அப்படி ஒரு சொல் இல்லை. டி-க்கு முன்னால் நின்ற ஜி-எச் பேசாமல் மறைந்துவிட்டது. அவள் பென்சிலால் ‘லாஃப்’ வரைக்கும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.