மெட்ரிக் முறை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஏன் சென்ட், பவுன், முழம் என்றே பேசுகிறோம்?

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டு மனைக்குப் புதுப் பட்டா வாங்கினோம். அதைப் படித்த அப்பா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பரப்பு 0-04.05 என்று இருந்தது. "பத்து சென்ட் நாலாகிவிட்டதே!" என்றார். யாரும் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கவில்லை. அது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். பெருக்கிப் பார்த்தால் அதே பத்து. பட்டாவின் ஓரத்தில் பென்சிலால் '10 செ.' என்று எழுதி வைத்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் சித்தி வீட்டு ஆதாரத்தில், அதாவது பத்திரத்தில், 'ஆர்' என்று இருக்கிறது. எல்லைக்கு இந்தப்புறம் ஏர், அந்தப்புறம் ஆர். ஆனால் இரண்டு பக்கமும் தரகர் சொல்வது "சென்டுக்கு என்ன விலை" என்பதுதான். விலை எந்த அளவில் பேசப்படுகிறதோ அந்த அளவு சாவதில்லை என்பது என் கணிப்பு.

மற்றபடி நாங்கள் மாறாதவர்கள் அல்லர். தாத்தா நெல்லைக் 'கோட்டை' என்ற பழைய அளவில் அளந்தவர், கோட்டைக்கு 21 மரக்கால். திருவிதாங்கூர்க் காசில் ரூபாய்க்கு 28 சக்கரம் என்று எண்ணியவர். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எடையளவுச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். 1958 முதல் கிலோ படிப்படியாகக் கடைகளுக்குள் வந்தது. எடைக்கல்லுக்கும் தராசுக்கும் அரசு முத்திரை வேண்டும் என்பதால் கடைக்காரருக்கு வேறு வழியில்லை. இன்று அரிசியைப் படிக்கணக்கில் கேட்டால் பையன் சிரிப்பான்.

பவுன் தப்பித்த கதை வேறு. இங்கிலாந்துச் சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம். அதை 8 கிராம் என்று ஆக்கிக்கொண்டார்கள். உள்ளே கிராம், வெளியே பழைய பெயர்.

முழத்துக்கு முத்திரை வைக்க எந்த அதிகாரியாலும் முடியாது. தோவாளைச் சந்தையில் பிச்சி, மல்லிகை எல்லாம் கிலோவில்தான் விற்கின்றன. கட்டிய பூவாகிப் பேருந்து நிலையத்துக்கு வந்ததும் முழமாகிவிடும். அங்கே நால்வர் விற்கிறார்கள். என் மனைவி கை நீளமான ஓர் அம்மாளிடம் மட்டுமே வாங்குவாள். அவர் வராத நாளில் எங்கள் வீட்டில் பூ கிடையாது.